தண்ணி போட்ட டிராக்டர்!

"டிராக்டருக்குத் தண்ணி போடணும்பா, காலையில சீக்கிரமா வந்துடு!" என்று கணியம்பாடிப் பக்கம் யாராவது செல்போனில் சத்தம் போட்டால் உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் நினைக்கிற தண்ணி இல்லை அது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணியும் இல்லை. டயருக்கு! காற்று அடிக்க வேண்டிய டயருக்குள் தண்ணீரை நிரப்புகிறார்கள். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு இல்லை சார்... ஒரு பின்சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட 200 லிட்டர்!

எதற்காம்? வெயிட்டுக்கு.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப்போன வெயிட்டை இறக்க நாமெல்லாம் விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். வெயிட் போதவில்லையே என்று கவலைப்படுகிற கூட்டம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது என்பது கணியம்பாடியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்து, பாகாயம் தாண்டி வந்தால் கணியம்பாடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஒரு ரயில்வே ஸ்டேஷன்கூட உண்டு. ரோட்டில் நின்று பார்த்தால் மேற்கே ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருக்கும். அங்கே இறங்காமல், திரும்பாமல், அதே நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருந்தால் தூத்துக்குடியில் கடல் தெரியும். அப்படிப்பட்ட ரோடு! மருத்துவ ஆராய்ச்சிக்காரர்களிடம் "கணியம்பாடி" என்று சொல்லிப் பாருங்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒருவராவது தலையாட்டுவார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இந்த வட்டாரத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வைத்தியமும் ஆராய்ச்சியும் செய்து வருகிறது. நம்மூர்க்காரர்களுக்கோ, அமிர்திக்குப் போகிற வழியில் டீ குடிக்கிற ஊர். அவ்வளவுதான்.

நாங்களும் அமிர்திக்குத்தான் போனோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் 1967-ல் ஆரம்பித்த சின்ன மிருகக்காட்சி சாலை. மான், மயில், முதலை. கூடவே மழைக்காலத்தில் மட்டும் கொட்டுகிற ஒரு அருவி. உடன் வந்தவன் என் மாமா பையன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் சாஃப்ட்வேர் உத்தியோகம். வேலூரில் ஒரு கல்யாணத்துக்காக ஆனி மாத வெயிலில் வந்து மாட்டிக்கொண்டவனை நான்தான், "வாடா, மலைக்காற்று வாங்கலாம்" என்று கிளப்பிக்கொண்டு போனேன். கணியம்பாடி வந்ததும் வண்டியின் பின்டயர் உஸ்ஸென்று உட்கார்ந்தது. புளியமரத்தடியில் பஞ்சர் கடை. அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு டிராக்டர் ஜாக்கியில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

சின்டெக்ஸ் டேங்க்கை உயரமாக ஒரு கல் மேடையில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த ஹோஸ் பைப், டிராக்டர் டயரின் வால்வில் போய்ச் சொருகியிருந்தது. எனக்குப் புரியவில்லை. மாமா பையனுக்கோ கண் விரிந்துவிட்டது.

"அத்தான்... இது பேலஸ்ட்! நான் என் போட்டுக்குப் பண்ணினேனே, அதே சிஸ்டம்!"

பேலன்ஸ் தெரியும். பி.காம். படித்தவனுக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத ராத்திரிகளும் தெரியும். பேலஸ்ட் என்றால்?

பஞ்சர் ஒட்டி முடிகிற வரைக்கும் அவன் விளக்கினான். பஞ்சர் கடைக்காரரும் டிராக்டர் பெரியவரும், அவருடைய இருபத்திரண்டு வயசு மகனும்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெக்ஸாஸில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் போட் வாங்கியிருக்கிறார்கள். ஏரியில் அந்தப் போட் ஓடும்போது பின்னால் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்தபடி, காலில் பலகை மாட்டிக்கொண்டு ஒருத்தன் வழுக்கிக்கொண்டே வருவான். போட் கிழித்துக்கொண்டு போகிற இடத்தில் இரண்டு பக்கமும் அலை எழும்புமே, அந்த அலையில் ஏறி அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போடுவான். வேக்போர்டிங் என்று பெயர். அலை பெரிசாக இருந்தால்தான் கரணம் பெரிசாக வரும். அலை பெரிசாக வேண்டுமானால் போட் தண்ணீரில் ஆழமாக அமுங்கிப் போகவேண்டும். அமுங்க வேண்டுமானால் வெயிட் வேண்டும்.

"முதல்ல குண்டா இருக்கிற ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டு ஏத்தினோம் அத்தான். அவங்க பீட்ஸா பில் தாங்கலை!"

அப்புறம்தான் தண்ணீர். போட் சீட்டுகளுக்கு அடியில் கனத்த பிளாஸ்டிக் பைகளை வைத்து, ஏரித் தண்ணீரையே மோட்டார் வைத்து உறிஞ்சி நிரப்புவது. ஒரு பைக்கு முன்னூறு கிலோவுக்கு மேல் பிடிக்குமாம். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று மூன்று பை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு டன். ஸ்விட்சைப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வெயிட் ஏறும். மாற்றிப் போட்டால் இறங்கும். கடையில் கொடுத்துச் செய்தால் டாலர் டாலராகக் கறப்பார்கள் என்று, இவனே சாமான் வாங்கி இரண்டு சனிக்கிழமையில் மாட்டியிருக்கிறான்.

"எதுலேர்ந்து தண்ணி எடுப்பீங்க தம்பி?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"போட் அடியில ஓட்டை போட்டு..."

"இன்னாது! மெதக்கிற போட்டுல ஓட்டையா?" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முழுகிடாது?"

அந்த ஓட்டை போடுகிற நிமிஷம்தான் முழு வேலையிலும் பயங்கரமாம். டிரில்லிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றானாம். ஓட்டையில் பித்தளைக் குழாய் பொருத்தி, சுற்றிலும் பசை அப்பி, உள்பக்கம் முதல் வேலையாக ஒரு மூடு வால்வு. அப்புறம்தான் மோட்டார். பையிலிருந்து காற்று வெளியேற உயரமாக ஒரு தனிக் குழாய். அது இல்லாவிட்டால் பை பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், தண்ணீர் ஏறாது. தண்ணீர் வருகிற குழாயை ஒரு இடத்தில் ஏரி மட்டத்துக்கு மேலே வளைத்துத் தூக்கி, அந்த வளைவின் உச்சியில் காற்று நுழைய ஒரு வழி. அது இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தினாலும் ஏரி தானாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். கேனில் டியூபை விட்டு உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கிறோமே, அந்தக் கதை. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் போட் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று கம்பெனிக்காரன் தகட்டில் அடித்து வைத்திருப்பான். தண்ணீர், ஆள், ஐஸ் பெட்டி எல்லாம் கூட்டி அதற்குள் இருக்கவேண்டும். 'அலை ஆசையில் அந்தத் தகட்டைப் படிக்காதவர்கள் உண்டு. அவர்கள் போட் ஏரிக்கு அடியிலும் உண்டு' என்றான்.

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். "நம்முது சுளுவுப்பா. ஏற்கெனவே ஓட்டை இருக்குது!"

அவருடைய சிஸ்டத்தையும் எழுதிவிடுகிறேன். டிராக்டரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்புகிறார். வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றினால் காற்று போய்விடும். ஹோஸ் பைப்பை மாட்டித் தண்ணீரைத் திறக்கிறார். நடு நடுவே பைப்பைக் கழற்றி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைப் 'புஸ்' என்று வெளியேற்றுகிறார். வால்வு வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் முக்கால் டயர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அளவுகோல் வேண்டாம், மீட்டர் வேண்டாம். வால்வு இருக்கிற உயரம்தான் அளவு. அப்புறம் ஊசியைப் போட்டு, மிச்சமுள்ள கால்வாசி இடத்துக்குக் காற்று அடித்துவிட வேண்டியது.

"முழுசா ரொப்பிடலாம்ணே. இன்னும் வெயிட்டு வரும்" என்றான் மகன்.

"டேய், தண்ணி அமுங்காதுடா. காத்துதான் அமுங்கும். முழுசா ரொப்பினா டயரு கருங்கல்லு மாதிரி ஆயிடும். கல்லு மேல ஏறி எறங்கினா ஒன் இடுப்பும் போவும், டயரும் போவும்!"

குளிர் நாடுகளில் இந்தத் தண்ணீர் டயருக்குள் உறைந்துவிடும் என்பதால் உப்பு வகைகளைக் கலக்கிறார்களாம். கணியம்பாடி வெயிலில் அந்தக் கவலை மட்டும் இல்லை. வெந்நீர் ஆகாமல் இருந்தால் சரி!

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மல்லாட்டைக்கு ஓட்டணும் சார்."

வேர்க்கடலைக்கு வடாற்காட்டுப் பெயர் மல்லாட்டை. மானாவாரி நிலம். ஒரு நல்ல மழை பெய்தால் ஈரம் மூன்று நாலு நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். ஒன்பது கொழு வைத்த கலப்பையை மண்ணில் இறக்கி இழுத்தால், டிராக்டர் வெயிட் பத்தாமல் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். வண்டி நகராது, டீசல் மட்டும் நகரும். புது டிராக்டர் வாங்க வேண்டியதில்லை, இரும்பு பாளம் பாளமாக வாங்கிச் சக்கரத்தில் மாட்ட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு டயருக்கும் சேர்த்து நானூறு கிலோ ஓசியில் வந்துவிடுகிறது.

எவ்வளவு வெயிட் தேவை என்பதைப் பெரியவர் கண்டுபிடிக்கிற விதம் இருக்கிறதே, அதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சக்கரம் பத்துச் சுற்று சுற்றுகிற வரை ஓட்டி, ஆரம்பித்த இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரு குச்சி நடுகிறார். பிறகு கலப்பையை மண்ணில் இறக்கி அதே தூரத்துக்கு உழுகிறார். இப்போது சக்கரம் எத்தனை சுற்று?

"நேத்து பதிமூணு வந்துச்சு."

காமர்ஸ்காரன் சும்மா இருப்பேனா? பத்துச் சுற்றில் போக வேண்டிய தூரத்துக்குப் பதிமூன்று சுற்று. அதாவது நூற்றுக்கு இருபத்துமூன்று வீண். மணி வாடகை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிலத்துக்காரர் கொடுக்கிற ஆயிரத்தில் 230 ரூபாய் சக்கரம் சும்மா சுற்றியதற்கு. தண்ணீர் போட்டால் பதினொன்றரைக்கு வரும் என்றார் பெரியவர். பதின்மூன்று சதவிகிதம். மணிக்கு நூறு ரூபாய் மிச்சம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் எண்ணூறு! பத்துக்குப் பதினைந்து சதவிகிதம் வழுக்கினால் சரி என்றுதான் விவசாயக் கல்லூரிப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. ரொம்பக் குறைத்துவிட்டாலும் தப்பு. சக்கரம் வழுக்கவே வழுக்காவிட்டால் அந்த இழுவை கியர் பெட்டியில் போய் விழும். கனம் ஏறிய டயர் மண்ணையும் ரோடு மாதிரி இறுக்கிவிடும்.

"டிப்பர் இழுக்கவும் இது நல்லதா?" என்று கேட்டான் மாமா பையன்.

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பின்னாடி மட்டும் வெயிட்டு ஏத்திக்கினு லோடு இழுத்தா, பின்சக்கரம் கெட்டியா பிடிச்சுக்கும். லோடு வராது. அப்ப எது கிளம்பும்? முன்சக்கரம். எங்க அண்ணன் ஏரிக்கரை மேல ஏத்த சொல்ல அப்படித்தான் வண்டி முன்னாடி தூக்கி, அப்பிடியே மல்லாக்கப் பின்னாடி உழுந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதோ இவன் அப்ப கைக்கொழந்தை" என்றார்.

கடையில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன். டிராக்டரின் முன்பக்கத்தில் வரிசையாகக் கனத்த இரும்புப் பாளங்கள் தொங்கின. பின்னால் தண்ணீர் போடுவதற்கு முன் அதை மாட்டியாக வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். மகன் அதைத்தான் கழற்றிவிடலாம் என்று ஒரு வாரமாக வாதாடிக்கொண்டிருந்தானாம். டீசல் மிச்சமாகுமாம்.

மாமா பையன் சட்டென்று, "எங்க போட்லேயும் அதே பிரச்னைதாங்க. பின்பக்கம் மட்டும் ரொப்பினா மூக்கு மேலே தூக்கிடும். எதிர்ல என்ன வருதுன்னே தெரியாது. அதான் முன்னாலயும் ஒரு பை" என்றான். மகன் இதைக் காது கொடுத்துக் கேட்டான். அப்பா சொன்னால் ஏறாதது, அமெரிக்காக்காரன் சொன்னால் ஏறுகிறது. வீட்டுக்கு வீடு இதுதானே!

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஆரம்பித்து நீளும். தண்ணீரே இல்லாத சீமையில் டயருக்குத் தண்ணீரா என்று நானும் கேட்டேன். பஞ்சர் கடைக்காரர் டக்கென்று திரும்பினார்.

"ஒரு குடம் பதினஞ்சு லிட்டரு சார். ஒரு டிராக்டருக்கு இருபத்தாறு குடம். 2017-ல போய் டயருக்குத் தண்ணி கேட்டிருந்தா குடத்தாலயே அடிச்சிருப்பாங்க!"

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய் தமிழ்நாடு முழுக்க வறண்ட சமயம் அது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் பெண்கள் நின்ற ரோட்டில், டயரில் நானூறு லிட்டரைச் சுமந்துகொண்டு எந்த மூஞ்சியோடு போவது என்று பெரியவர் அந்த வருஷம் தண்ணீரே போடவில்லையாம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, டீசல் போய்க்கொண்டே இருந்தது. மணிக் கணக்கைக் குறைத்து வாங்கிக்கொண்டாராம். "இன்னா பண்றது? நெலத்துக்காரனும் நம்மாளுதானே" என்றார்.

ஜவ்வாது மலையில் பிறந்து இந்தப் பக்கமாக ஓடுகிற நாகநதியும் பல வருஷம் மணலாகத்தான் கிடந்தது. பிறகு நூறு நாள் வேலைத் திட்டத்தில் வேலூர் மாவட்டத்தில் பல ஆயிரம் பெண்கள் சேர்ந்து ஓடைகளில் கல் தடுப்புகள் கட்டினார்கள். சிமென்ட் உறை இறக்கி, மழைத் தண்ணீரைப் பூமிக்குள் விடுகிற கிணறுகள் தோண்டினார்கள். 2021-ல் பிரதமரின் வானொலிப் பேச்சில்கூட அந்த ஆற்றின் பெயர் வந்தது. மேலே ஓடவிட்டால் கடலுக்குப் போகிற தண்ணீரை உள்ளே இறக்கி வைப்பது. யோசித்தால் அதுவும் ஒரு மாதிரி பேலஸ்ட்தான். ஊருக்கு!

வெயிட்டுக்காக ஏற்றுகிற தண்ணீரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இதைச் சொன்னது மாமா பையன். ஏரியை விட்டுக் கிளம்பும்போது போட்டிலிருக்கிற தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுத்தான் ரோட்டுக்கு வரவேண்டும் என்று டெக்ஸாஸ் மாகாணம் முழுக்க 2014-லிருந்து சட்டம். காரணம் வரிவரியாக, விரல் நகம் அளவில் இருக்கிற ஒரு சிப்பி. கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் ஐரோப்பாப் பக்கமிருந்து ஒட்டிக்கொண்டு வந்து, 1988-ல் அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் ஏரி விட்டு ஏரி, போட்டுகளிலேயே ஓசிப் பயணம். குடிநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. பையின் மூலையில் ஒரு சொம்புத் தண்ணீர் மிச்சம் இருந்தாலும் போதுமாம்.

"அமெரிக்காவுக்கு வந்த கஷ்டம்" என்று நாம் நகர்ந்துவிட முடியாது. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைக் கேளுங்கள். கடந்த சில வருஷங்களாகக் கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையில் ஒரு அன்னிய ஆழி கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. பாஸ்போர்ட் இல்லாமல் எப்படி வந்தது? துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். காக்கா ஆழி படர்ந்த இடத்தில் இறாலுக்கு மண் இல்லை, மஞ்சள் மட்டிக்கு இடம் இல்லை. இறாலைக் கையால் தடவிப் பிடித்தே பிழைக்கிறவர்களுக்கு அடிவயிற்றில் அடி. காலிக் கப்பல் ஆடாமல் வர ஒரு காலத்தில் கல்லையும் மணலையும் ஏற்றினார்கள். கல்லுக்கு உயிர் இல்லை. தண்ணீருக்கு உண்டே! கப்பல்கள் இந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தாமல் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்று 2004-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அது அமலுக்கு வந்தது 2017 செப்டம்பரில். பதின்மூன்று வருஷம்! சிப்பிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இதற்குள் இரண்டு டயரும் முடிந்து, டிராக்டர் ஜாக்கியிலிருந்து இறங்கியிருந்தது. ஆள் பார்ப்பதற்கு அப்படியேதான் இருந்தார், ஆனால் கீழே உட்கார்ந்த தோரணையே வேறு. சாப்பிட்டு எழுந்த சம்பந்தி மாதிரி. மகன் ஏறி ஸ்டார்ட் செய்தான். முன்பக்கத்து இரும்பைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

"இந்தத் தண்ணி எவ்ளோ நாளைக்குங்க?" என்றான் மாமா பையன். டெக்ஸாஸ் சட்டம் அவனை விடவில்லை போலிருக்கிறது.

"ஆவணியில சேடை ஓட்ட சொல்ல எறக்கணும் தம்பி. சேத்துல இம்மாம் வெயிட்டோட எறங்கினா வண்டி குந்திக்கும். அதுக்குக் கேஜ் வீலுதான்."

"இறக்கினா எங்கே விடுவீங்க?"

பெரியவர் கடைக்குப் பின்னால் கையைக் காட்டினார். வட்டமாகப் பாத்தி கட்டிய ஒரு தென்னங்கன்று. இடுப்பு உயரம் இருக்கும்.

"ரப்பர் வாடை அடிக்குமே?"

"நீ குடிக்கப் போறியா? அது குடிக்கப் போவுது" என்றபடி, மகனுக்குப் பின்னால் மட்கார்டில் தொற்றி உட்கார்ந்துகொண்டார். கையில் சுண்ணாம்புக் கட்டி தயாராக இருந்தது.